அலமாரியில் பூட்டிய வெள்ளிக் கால்

பக்கவாதத்தில் என் கணவரின் வலது கால் இழுத்துக்கொண்டதும், மண்டி மொஹல்லா கடைத்தெருவில் சின்ன வெள்ளிக் கால் ஒன்று வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தேன். குணமான அன்றே மாதாவுக்குக் காணிக்கை செலுத்துவதாக நேர்ச்சை. எதையும் முறைப்படி செய்பவள் நான். குணமாகாமல் அதை வெளியே எடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன்.

கால் சரியாகவில்லை. கோலை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார், அவ்வளவுதான்.

மாதா திருநாளன்று காலையில் புதுச்சட்டை போட்டு வந்து நின்றார்.

"அந்த வெள்ளிக் காலை எடு. போய்க் கொடுத்துட்டு வரலாம்."

"இன்னும் குணமாகலையேங்க!"

"மாதாகிட்டயே பேரம் பேசுறியா? குணம் கொடுங்கன்னு கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். கொடுக்கலைன்னா இந்தக் காலோடயே அவங்க மகன் பின்னாடி நடக்கிறேன். நன்றியை எதுக்குப் பூட்டி வைக்கணும்?"

அலமாரியைத் திறந்து வெள்ளிக் காலை எடுத்துக் கொடுத்தேன். கோயிலில் ஒரே கூட்டம், வேட்டுச் சத்தம். மாதா சிலை இருக்கும் குகை போன்ற கெபியின் படிகளில் தாங்கிப் பிடிக்கப் போனேன். "பேடா, கையை விடு" என்று கன்னடம் கலந்து மறுத்துச் சிரித்தார். காலை இழுத்து இழுத்து ஏறினார். மாதாவின் காலடியில் காணிக்கையை வைத்துவிட்டு, பரிசு வாங்கிய பிள்ளை போலத் திரும்பி என்னைப் பார்த்தார். கோயிலென்றும் பாராமல் கைதட்டிவிட்டேன்!

இப்போதும் தினமும் அவர் கால் குணமாக வேண்டுகிறேன். அலமாரியில் மட்டும் எதையும் பூட்டி வைப்பதில்லை.