காருக்குப் பின்னால் ஒரு குவளைத் தண்ணீர்

துபாய்ப் பக்கம் அஜ்மானில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு துருக்கிக்காரி இருந்தாள். அரிசியைத் திராட்சை இலையில் வைத்து விரல் பருமனில் சுருட்டி வேகவைப்பாள். நான் மிளகாய்த் தூளை எடுத்தால், "மிளகாய் மாஃபி, கிடையாது, யல்லா, போ" என்று கையைத் தட்டிவிடுவாள். "இஸ்தான்புல் வந்தா பெரிய பள்ளிவாசல் பக்கத்துல சாப்பிடாதே. படகேறி அக்கரைக்கு வா, நான் ஆக்கித் தாரேன்" என்பாள்.

நான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் திரும்பி வரவேண்டுமென்று காருக்குப் பின்னால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவாள். அது அவர்கள் வழக்கம். அவள் ஒரேயடியாக நாட்டுக்குப் போன அன்று நானும் குவளையோடு கீழே இறங்கினேன். பால்கனியில் நின்றவர்கள் சிரிப்பார்களோ என்று ஊற்றாமலே நின்றுவிட்டேன்.

இப்போது வாட்சப்பில் வந்து பேசுகிறாள். எனக்கு அவள் அடுப்படியில் போய் உட்கார வேண்டும்போல் இருக்கிறது.