சோற்றுக் கை தப்பியது

பக்கவாதம் அடித்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். முதலில் சொன்னவர் எங்கள் ஊர் வடக்குத்தில் பக்கத்து வீட்டுக்காரர். பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் அப்படியே சரிந்ததும் என்னைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்து வந்தவர் அவர். "கரெக்ட் டைம்ல கொண்டாந்துட்டீங்க" என்று டாக்டரே அவரைப் பாராட்டினார். அதனால் அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்து, "நல்ல வேளைங்க, பீச்சாங்கைதான் விழுந்திருக்கு. சோத்தாங்கை தப்பிச்சிகிச்சு" என்றார்.

அதற்குப் பிறகு சுரங்கத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, அதே வாக்கியம். என் தம்பி போனில் அதையே சொன்னான். காலில் செருப்பில்லாமல் பயபக்தியோடு வந்த மனைவியின் சிநேகிதி, சோற்றுக் கையைக் காப்பாற்றியது எந்தச் சாமி என்றுகூடச் சொன்னாள். டாக்டர் மட்டும் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னார், அவ்வளவுதான்.

நான் ஆயுசு முழுக்கச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கட்டியவன். ஒரு மோட்டார் நின்றுவிட்டால் அடுத்த ஷிப்ட்காரன் வந்ததும் என்ன கேட்பான்? எது நின்றது, அதனால் எந்த வேலை நின்றது என்று கேட்பான். மிச்ச மோட்டாரெல்லாம் ஓடுகிறதே என்று யாரும் கும்பிடு போடமாட்டான். என் இடது கை நின்றுபோனதால் எந்த வேலை நின்றது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. அந்தக் கைக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று மூன்று வயசுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பெயரிலேயே இருக்கிறது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கக்கூஸுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, என்னை நானே கழுவிக்கொண்டு வெளியே வரவேண்டும். இதை வாயைத் திறந்து யாரிடம் சொல்வது?

முதல் நாளிலிருந்தே அந்த வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. அவளுக்கு முழங்கால் தேய்மானம். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிவாள், நிமிரும்போது "முருகா" என்பாள். முகத்தில் வேறு எதுவும் தெரியாது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாற்பது பேரை மேய்த்த ஃபோர்மேன் நான். அந்த நேரத்தில் செத்துப்போய்விடலாம் போலிருக்கும்.

டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் வருவார். நல்ல மனிதர், கைராசிக்காரர், அவர் போட்ட ஊசியால்தான் நான் பிழைத்தேன். ஆனால் அவர் என்னிடம் பேசமாட்டார். "சாப்பிடறாரா? தூங்கறாரா? மோஷன் போனாரா?" என்று எல்லாவற்றையும் மனைவியிடம் கேட்பார். முதல் இரண்டு நாள் எனக்கு வாய் குழறியது உண்மைதான். மூன்றாம் நாள் நாக்கு திரும்பிவிட்டது, ஆனாலும் கேள்வி திரும்பவில்லை. மோஷன் எப்படி, எத்தனை தடவை, இளக்கமா கெட்டியா என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார். அதன் பிறகு யார் கழுவிவிடுகிறார்கள் என்று கேட்கமாட்டார். மனைவி எல்லாவற்றுக்கும் "ம், போறாருங்க" என்பாள்.

ஒரு நர்ஸ் மட்டும் ஏதோ புரிந்துகொண்டவள்போல, "வலது கைதான் நல்லாருக்கே தாத்தா. அதுலயே கழுவிட்டு சோப்புப் போட்டுக்கிட்டா போச்சு" என்றாள். தாத்தா என்றது ஒரு எரிச்சல், அந்த யோசனை இன்னொரு எரிச்சல். இருந்தாலும் ஒரு நாள் மனைவி பார்மஸிக்குப் போன சமயம் முயற்சி செய்து பார்த்தேன். கிருமி என்றால் என்ன, சோப்பு என்றால் என்ன என்று தெரிந்தவன்தான். ஆனால் கை போகவில்லை. ரசம் சாதம் பிசைகிற கை. பாதி வழி போய் நின்றுகொண்டு, நான் மாட்டேன் என்றது. வீட்டுக் குளியலறையில் பீச்சுகிற பைப் இருக்கிறது, ஆனால் ஒரு கை பைப்பைப் பிடித்தால் இன்னொரு கை வேலை செய்யவேண்டாமா? டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் அதையும் ஒரு கை பார்த்தேன். சுவர் நனைந்தது, கதவு நனைந்தது, ஜன்னலில் காய்ந்த துண்டு நனைந்தது. ஆகவேண்டியது மட்டும் ஆகவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். இரண்டு இட்லிக்கு ஒன்று, இரண்டு கரண்டி சோற்றுக்கு முக்கால் கரண்டி. கீரை வேண்டாம், பழம் வேண்டாம். பசிக்கிறதே என்று வயிறு முறையிடும். பேசாமல் கிட என்று அதட்டி வைப்பேன்.

சித்திரையில் பழைய சிநேகிதர் ஒருவர் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். எனக்குப் பலாப்பழம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். கேன்டீனில் எல்லோரும் டீக்குப் போனால் நான் பலாச்சுளைப் பொட்டலத்தோடு தனியாக ஒதுங்குகிறவன். மனைவி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தாள், வீடே மணத்தது. நான் ஒரே ஒரு சுளையைத் தின்றுவிட்டுப் போதும் என்றேன். பலாப்பழம் வயிற்றுக்குள் போய் என்ன கலாட்டா செய்யும் என்று எனக்குத்தானே தெரியும். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சிநேகிதர், தன் ஊர்ப் பக்கம் ஒருத்தர் வாதத்துக்கு எண்ணெய் போடுகிறாராம், கூட்டிப்போகட்டுமா என்றார்.

எடை குறைந்தது. அதுவரை என்னைக் கவனிக்காத நிபுணர்களெல்லாம் இப்போது படையெடுத்து வந்தார்கள். முழுங்குவதில் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் ஒரு அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா என் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு தண்ணீரை முழுங்கச் சொன்னார், பிறகு தயிர், பிறகு பிஸ்கட். அந்த பிஸ்கட்டை நான் தின்ற வேகத்தைப் பார்த்து அவரே மிரண்டுபோனார். "நல்லாத்தானே முழுங்கறீங்க, அப்புறம் ஏன் சார் சாப்பிட மாட்டேங்கறீங்க?" என்றார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். உணவு நிபுணர் வந்து உப்பைப் பாதியாகக் குறைத்தார். மறுபடி வாதம் வராமலிருக்க அதுதான் வழியாம். உப்பில்லாத சோற்றை யார் தின்பார்கள் என்று என் மனைவி அவரோடு சண்டைக்குப் போனாள். கடைசியில் டாக்டர், இது மனச்சோர்வு, ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குச் சகஜம் என்று ஒரு மாத்திரை எழுதினார். மனம் சோர்ந்துதான் இருந்தது, யார் இல்லை என்றது? கழுவிக்கொள்ள முடியாதவனுக்கு மனம் துள்ளுமா?

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கூடத்தில் பிசியோதெரபி. பயிற்சி கொடுப்பவள் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். முப்பது வயசிருக்கும், கூடம் முழுக்கக் கேட்கிற குரல். முதல் நாளே, "சார், நீங்க என்ன செய்யணும்னு ஆசப்படறீங்களோ அதச் சொல்லுங்க, அத வச்சிதான் டிரெயினிங்" என்று கேட்டாள். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்கு அவரே நடந்து வந்து கும்பிடணும்மா" என்று சொல்லிவிட்டாள். அவள் வேண்டுதல் அது. நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து படி ஏறினேன், இறங்கினேன். கால் நன்றாகவே தேறியது. கைக்கு ஒரு கம்பியில் துணி கிளிப்புகளை மாட்டிக் கழற்ற வேண்டும், பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கவேண்டும். எனக்கு அதில் துளியும் சிரத்தையில்லை. பக்கத்து மேஜையில் ஒரு விவசாயி, அவருக்கு வலது பக்கம் விழுந்திருந்தது. ஸ்பூனால் சோறு ஊட்டும்போது அவர் மகள்கள் அழுவார்களாம். எனக்கு அவரைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். மகராசன், கதவைச் சாத்திக்கொள்ளலாமே!

ஒரு நாள் கூம்பு மூன்றாம் தடவையாகச் சரிந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"இப்படிப் பேசாம ஒக்காந்துகினு இருந்தா கை எப்படிங்க வரும்? வூட்லயும் செய்யறதில்ல, இங்கயும் செய்யறதில்ல. ஒங்களுக்கு இந்தக் கை வேணுமா வேணாமா?" என்றாள் அவள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "கூம்பு அடுக்கறதுக்காம்மா எனக்குக் கை? இந்தக் கை எதுக்கு இருக்குன்னு ஒங்க ஒருத்தருக்கும் தெரியாதா? கழுவிக்கணும்மா எனக்கு! நானே கழுவிக்கணும்! கோயில் எங்கயும் ஓடிப்போகாது!" என்று கத்திவிட்டேன்.

விவசாயி தன் பந்தைப் பிசைவதை நிறுத்தினார். மனைவி அன்று வெளியே மாத்திரை கவுன்டரில் நின்றிருந்தாள், அது ஒன்றுதான் புண்ணியம். எனக்குக் காது சுட்டது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை. என்னைவிட அவளுக்குத்தான் கோபம் அதிகமாக வந்தது. "இத மொத நாளே சொல்லியிருந்தா நான் எதுக்குங்க ஒங்கள படி ஏத்திகினு இருந்திருக்கப் போறேன்? இங்க பாதிப் பேரு கேக்கறது இதத்தான். காதுகிட்ட வந்து கேப்பாங்க. நீங்க ரெண்டு மாசம் கழிச்சி ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றீங்க" என்றாள். கூம்புகளை இரண்டு கையாலும் அள்ளிப் பெட்டியில் போட்டாள். "எழுந்திரிங்க. ஸ்டூல்ல ஒக்காருங்க. மொதல்ல ஒடம்ப வலது பக்கம் சாய்க்கக் கத்துக்கணும், இல்லன்னா கை எப்படி உள்ள போவும்?"

அதற்குப் பிறகு என் பாடு வேறானது. துண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கை மாற்ற வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையைப் பின்னால் விட்டு, வேட்டியின் பின்பக்கம் செருகிய கிளிப்பை எடுக்கவேண்டும். ஈரத்துணியைப் பிழியவேண்டும். அதே கிளிப்தான், ஆனால் இப்போது எதற்கு என்று தெரிந்திருந்ததால் வெறி பிடித்தவன்போல் செய்தேன். வீட்டில் கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் காற்றில் பறந்தது. "கிளிப்பெல்லாம் எங்கதான் போவுதோ" என்று மனைவி புலம்பினாள். முருகன் கோயிலுக்காகத்தான் இத்தனை பாடுபடுகிறேன் என்று அவளுக்குப் பூரிப்பு வேறு. விரல்கள் சொன்னபடி கேட்கவே மாட்டேன் என்றன. கட்டைவிரல் ஒரு நாள் வரும், மறுநாள் லீவு போடும். பல நாள் அந்தக் கையை நானே அறைந்திருக்கிறேன்.

ஆடி பிறந்த சமயம் ஒரு காலையில், வழக்கம்போல் கூடவே வந்த மனைவியை வெளியே நிற்கச் சொன்னேன். "எதுக்கு?" என்றாள். "நில்லு" என்று கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டால் உடைப்பேன் என்று மிரட்டினாள், அதனால் தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே ரொம்ப நேரமாயிற்று. "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வியர்த்து ஊற்றியது. அரைகுறையாகத்தான் ஆயிற்று, மறுபடி, மறுபடி. கடைசியில் ஆயிற்று. வெளியே வந்து, "ஆச்சு, போ" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் பண்ருட்டியிலிருந்து வந்த கடைசிப் பழம், சீசனே முடிந்துவிட்டது, அதைக் கொண்டுவரச் சொன்னேன். சுளை சுளையாகத் தின்றேன். தட்டில் கொட்டைகள் குவிந்தன. அடுத்த சுளையை வைக்க வந்த அவள் கை பாதியிலேயே நின்றது.

"பசியோடவா கெடந்தீங்க?" என்றாள்.

நான் மென்றுகொண்டிருந்தேன்.

"இத்தனை மாசமா, நான் கழுவி விடணுமேன்னு சாப்பிடாமக் கெடந்தீங்களா?" அவள் குரல் ஏறியது. "டாக்டரு, மாத்திரை, முழுங்கற டெஸ்டுன்னு நான் அலையாத அலைச்சல் இல்ல. ஒரு நாளாவது நான் மூஞ்சி சுளிச்சேனா? சொல்லுங்க, சுளிச்சேனா?"

சுளிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்த ஒரு நாள்கூடச் சுளிக்கவில்லை. ஒரே ஒரு தடவை சுளித்திருந்தால் அவளோடு சண்டை போட்டுவிட்டு வயிறாரச் சாப்பிட்டிருப்பேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த சுளையின் கொட்டையை நீக்கி என் தட்டில் வைத்தாள்.

"தின்னுங்க" என்றாள் கோபமாக.