காற்று வந்தால்தான் சோறு

கொளஞ்சியம்மாள் காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் பிறந்தவள். முப்பது வயதில் புருஷன் சின்னையனைப் பாம்புக்குப் பறிகொடுத்தாள். அழுது முடித்த கையோடு நாத்தனார் முத்தம்மாளைக் கூட்டிக்கொண்டு, கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் ஜல்லி சுமக்க வந்துவிட்டாள்.

அங்கே மேஸ்திரி சுப்பராயலு வைத்ததுதான் சட்டம். கடல் காற்று எழும்பினால் சாப்பாட்டு நேரம். கிழக்கே நாலைந்து மைலில் கடல். கோடையில் மத்தியானம் பன்னிரண்டுக்கெல்லாம் காற்று வந்து பனை ஓலைகளை மேற்கே தள்ளும், கூடைகள் இறங்கும். மேஸ்திரியின் கையில் கடிகாரம் இருந்தது. அது காலையில் தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்க மட்டும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கத்திரி வெயில். மூன்று நாளாக மேற்கிலிருந்து அனல் காற்றே அடித்தது. முதல் நாள் கடல் காற்று பிந்தி வந்து இரண்டு மணிக்குச் சோறு. மறுநாள் மூன்று. மூன்றாம் நாள் ஒன்றரை ஆகியும் ஓலைகள் கடல் பக்கமே சாய்ந்து கிடந்தன.

தார்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த முத்தம்மாளின் கையைக் கொளஞ்சி தற்செயலாகத் தொட்டாள். சொட்டு வேர்வை இல்லை. ஓடு மாதிரிக் காய்ந்து சுட்டது.

"மேஸ்திரி, சோத்துக்கு விடுங்க. புள்ளைக்கு வேர்வையே நின்னு போச்சு."

"காத்து வரலியே கொளஞ்சி! நானா புடிச்சு வச்சிருக்கேன்? போயி கடல்கிட்ட கேளு."

நாலு பேர் சிரித்தார்கள். கொளஞ்சி சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த நூர்முகம்மதுவின் டீக்கடைக்கு நடந்தாள். அங்கே ரேடியோ இருந்தது.

"பாய், இந்தக் காத்து எப்ப மாறும்?"

"இன்னைக்கு மாறாதுக்கா. கடல்ல உண்டான புயலு இங்க வராம வடக்க ஏறிப் போயிட்டுதாம். நம்ம மழையையும் சேத்து எடுத்துக்கினு போயிட்டுது. மேற்க கெடக்கற அனலையெல்லாம் அதுதான் இழுக்குது. அந்த வேகத்த எதுத்துக் கடல் காத்து எப்படி உள்ள வரும்? பொழுது சாய்ஞ்சா பாக்கலாம்."

திரும்பி வந்து அதை அப்படியே மேஸ்திரியிடம் சொன்னாள்.

"ரேடியோவா ஒனக்குக் கூலி குடுக்குது? கூடையத் தூக்கு."

அப்போது முத்தம்மாள், ஊர்த் தோப்பில் நிற்பவள்போல், "அண்ணி, முந்திரி பொறுக்கியாச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஜல்லிக் குவியலின் மேலேயே சரிந்தாள்.

குடிதண்ணீர்ப் பானை காலையிலேயே காலி. ஜல்லியை அமுக்கும் நீராவி ரோடு எஞ்சினுக்கு மட்டும் இரண்டு பீப்பாய் நிறையத் தண்ணீர் இருந்தது. கொளஞ்சி ஒரு டின்னை அதில் முக்கினாள்.

"ஏய், எஞ்சினுக்கு வச்ச தண்ணி அது! பாய்லர் காஞ்சா வெடிச்சிடும்!" மேஸ்திரி டின்னைப் பிடித்து இழுத்தார்.

"எஞ்சினு செத்தா வேற வாங்குவீங்க. இவள எந்தக் கடையில வாங்கறது?" அவள் தள்ளிய தள்ளில் அவர் ஜல்லிமேல் உட்கார்ந்தார். முழு டின்னும் முத்தம்மாள் தலையில் இறங்கியது.

எஞ்சின் ஓட்டும் பக்கிரி கீழே இறங்கினான். அடுப்புத் தணலை வாரி ரோட்டோரம் கொட்டினான். "நெருப்ப எடுத்துட்டேன் மேஸ்திரி. இனிமே அதுக்குத் தாகம் எடுக்காது. தண்ணிய மொண்டுக்க, கொளஞ்சி."

சிரித்த நாலு பேரும் வந்து முத்தம்மாளைத் தூக்கினார்கள். டீக்கடைக் கூரை நிழலில் போட்டு, ஈரச் சாக்கால் போர்த்தி, கொளஞ்சி முறத்தால் விசிறினாள். மேஸ்திரி வாசலுக்கு வந்து கத்தினார்: "நாளையிலேருந்து ஒனக்கு வேல இல்ல!"

"வேலைக்கு வரல. பன்னண்டு அடிச்சா இவங்கள ஒக்கார வைக்க வருவேன். ஒங்க கைக் கடியாரத்தப் பாத்துத்தான்."

ரோட்டில் ஒரு கூடையும் எழும்பவில்லை.

மூன்றரை மணிக்கு முத்தம்மாளின் நெற்றியில் பொடிப்பொடியாக வேர்வை பூத்தது. கண்ணைத் திறந்தாள். பதறி எழப் பார்த்தாள்.

"கூடை எங்க அண்ணி? மேஸ்திரி ஏசுவாரு."

அதைக் கேட்டதும்தான் கொளஞ்சிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாகக் கிடந்தவள் பயப்படுவது சாவுக்கு அல்ல, அந்த ஆளுக்கு! தோளைப் பிடித்து அவளைக் கீழே அழுத்தினாள்.

"கூடைய வாய்க்கால்ல வீசிட்டேன். எழுந்தா காலை ஒடிச்சிடுவேன். படுடி."