தராசுக்காரர் வண்டியை இறக்கிய கதை

தராசு ரிப்பேர் செய்கிற அவருக்கு ஊரில் ‘முள்ளு’ என்று பெயர். தராசின் நடுவில் ஆடாமல் நிற்குமே, அந்த முள். கோணல் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டிய படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினால்கூட, எதிரே இருக்கும் விளக்கு சாய்ந்திருக்கிறதோ என்று ஒரு கண் தானாகத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். ஆண்டவன் அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தான். மற்றபடி நல்ல மனுஷர், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப் பையில் அவர் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி. வைத்த இடம் சமமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும். இல்லாவிட்டால் உயரமான பக்கம் ஓடும்.

இப்பேர்ப்பட்டவரிடம் ஒரு பழைய குட்டிக் கார் இருந்தது. அவருக்கு முன்னாலேயே உலகத்துக்கு வந்துவிட்ட கார். அதை அவர் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்து அவர் மனைவி, “அந்தத் துணியை ஒரு நாளைக்கு வீட்டு ஜன்னல் பக்கமும் காட்டக் கூடாதா?” என்பாள். அந்தக் காரில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. வீட்டு வாசலில் நிற்கும்போது அதன் பின்பக்கம் இரண்டு விரற்கடை தூக்கலாக இருக்கும். தினமும் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், வேலைக்குப் போய்விடுவார்.

காரியம் பெருமூச்சோடு நின்றிருக்கும். ஆனால் அவருடைய அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள்.

அக்கா தனி ஆள். மளிகைக் கடை வைத்திருந்தாள். தம்பியோடு பல வருஷமாகப் பேச்சு இல்லை. முன்பு ஒரு நாள் தம்பி கடைக்கு வந்து, அவள் தராசைச் சோதித்துப் பார்த்து, நாலு பேர் நடுவில், “அக்கா, நீ இவ்வளவு நாளா எல்லாருக்கும் கூடுதலா போட்டுக்கிட்டிருக்கே!” என்று சொல்லித் திருகாணியைத் திருகிச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து வாங்க வந்தவர்கள் எடை குறைகிறது என்று முணுமுணுத்தார்கள். அப்புறம் வராமலே போனார்கள். ஓசியில் பழகிய நாக்கு முணுமுணுக்கத்தான் செய்யும் என்பது தம்பியின் கட்சி. அக்காவின் கட்சி என்ன என்று யாருக்கும் தெரியாது. அவள் வாயையும் கடையையும் ஒன்றாக மூடிவிட்டாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகிக் கிடக்கிறாள். நடக்கிற வரைக்கும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். தராசுக்காரருக்குக் கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். இந்தச் சாக்கிலாவது அவள் தன் வீட்டு வாசற்படி மிதித்து, ‘டேய்’ என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டார். தான் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பயந்து மனைவியைத் தூது அனுப்பினார்.

மனைவி திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார். “என்ன சொன்னா?”

“வரேன்னாங்க.”

“வரேன்னாளா!”

“முழுசா கேளுங்க. ‘அவன் வண்டியிலேயே வரேன். ஆனா வண்டி ஒரே ஒரு தடவை டொக்குன்னு இடிச்சாலும், அங்கேயே இறங்கி வாடகை வண்டி புடிச்சு என் வீட்டுக்குப் போயிடுவேன்’னு சொல்லச் சொன்னாங்க.”

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்பக்கம் தூக்கலான வண்டி. பின் சீட்டில் உட்கார்ந்தால் முன்னால் சரியும். சரிந்தால் இடுப்பு வலிக்கும். வலித்தால் அக்கா இறங்கிவிடுவாள். மறுநாள் காலையிலேயே வண்டியைப் பட்டறைக்கு ஓட்டினார்.

பட்டறைக்காரர் எதற்கும் ‘சரி’ என்று சொல்கிறவர். ஆகாது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அதனாலேயே பட்டறையில் எப்போதும் கூட்டம். வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விடச் சொல்லி, குனிந்து பார்த்தார்.

“பின்னாடி இறக்கணும், அவ்வளவுதானே? சரி. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு இரும்புக் கட்டை வெச்சுடலாம். ரெண்டையும் சேத்துக் கட்டுற யூ போல்ட்டை மட்டும் நீளமா போடணும்.”

“கட்டை வெச்சா ஏறத்தானே செய்யும்?”

“இதுல ஸ்பிரிங் பட்டை அச்சுக்கு அடியில இருக்குண்ணே. நடுவுல கட்டை வெச்சா பட்டை கீழ போகும். பாடி அந்தப் பட்டையிலதானே நிக்குது, அதுவும் கூடவே இறங்கும்.” கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “ஆனா ஒண்ணு கேக்கறேன். பின்னால ஆள் உக்காந்தா தானா இறங்கப் போவுது. எதுக்கு இந்த வேலை?”

“ஆள் உக்கார்றதுக்கு முன்னாடியே நேரா இருக்கணும்பா.”

“சரி.”

தராசுக்காரர் தமது ரசமட்டத்தைக் கதவுக்கு அடியில் இருந்த தகட்டில் வைத்தார். குமிழி பின்பக்கம் ஓடியது. “பாத்தியா, நான் சொல்லலை?” என்று பட்டறைக்காரரிடம் காட்டினார். அவர் காலடியில் சோப்புத் தண்ணீர், வண்டியின் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை வளைந்து வளைந்து போய், வாசல் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. செருப்பு நனையாமல் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து, போல்ட்டை முடுக்கி இறக்கியபோது மறுபடி ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்ட நடுவில் வந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து வழக்கம் போலப் பின்பக்கம் உள்ளே வருகிற மாதிரி வாசலில் நிறுத்தி, இன்னொரு தடவை வைத்தார். அங்கேயும் நடுவில்தான். மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டும் என்று அந்த வாசலைச் சரிவாகப் போட்ட கொத்தனாரை அவர் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுகிறவனுக்குத் தன் வண்டியை வெளியே நின்று பார்க்கும் பாக்கியம் கிடையாதே.

ஆஸ்பத்திரி முகப்பில் வழவழவென்று கல் பதித்த தரை. வண்டியை நிறுத்திவிட்டு அக்காவை அழைக்க உள்ளே போனார். அவள் நாலு கால் வைத்த கைப்பிடிச் சட்டத்தை ஊன்றி, நர்ஸ் பக்கத்தில் வர, மெல்ல நடந்து வந்தாள். தம்பியைப் பார்த்தாள், பேசவில்லை. முகப்புக்கு வந்ததும் அவர்தான் முதலில் நின்றார். வண்டி பின்னங்காலை மடக்கி உட்கார்ந்த நாய் மாதிரி இருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது.

“என்ன சார், பின்டயர்ல காத்து இல்லையா?” என்றாள் நர்ஸ்.

அவர் ரசமட்டத்தை எடுத்து வண்டித் தகட்டில் வைத்தார். குமிழி முன்பக்கம் ஓடியது. குனிந்து தரையில் வைத்தார். நடுவில் நின்றது. இத்தனை வருஷத் தொழிலில் தராசைத் தொடுவதற்கு முன்னால் அது நிற்கிற இடத்தைப் பார்க்கச் சொல்லித்தான் எல்லாருக்கும் புத்தி சொல்லியிருக்கிறார். பட்டறைத் தரையும் தன் வீட்டு வாசலும் கண்முன் வந்து, சாய்ந்து நின்றன.

நர்ஸ் பின் சீட்டைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். “இவ்வளவு தாழ்வா உக்காரவே கூடாது. முழங்கால் இடுப்பைவிட மேல வந்துடும். முன் சீட்டைப் பின்னாடி தள்ளி ரெண்டு தலையணை போடுங்க. வீட்டுல கட்டிலும் உயரமா இருக்கணும், மறந்துடாதீங்க.”

அப்படியே ஏற்றி உட்கார வைத்தார்கள். தம்பி மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் எட்டிப் பார்த்து ஏதோ திட்டிவிட்டுப் போனான். வாய்க்குள் ஆண்டவன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுத் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு வேகத்தடை. முன்சக்கரம் பூப்போல ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது.

டொக்.

“நிறுத்து” என்றாள் அக்கா.

நிறுத்தினார். “இறங்கப் போறியாக்கா?”

“இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்கேடா இறங்கறது?”

‘டா’ என்று காதில் விழுந்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“என்ன பண்ணி வெச்சே வண்டியை?”

சொன்னார். கட்டை, பட்டறைத் தரை, வாசல் சரிவு எல்லாம் சொன்னார். அக்கா முழுக்கக் கேட்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள், வலிக்கிற இடுப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

“அன்னைக்கு என் கடைக்கு வந்தியே, ஞாபகம் இருக்கா? உள்ளே வெள்ளையடிக்கிறாங்கன்னு தராசை வெளிய ஒரு சாஞ்ச மேசை மேல வெச்சிருந்தேன். நீ மேசையைப் பாக்கலை. தராசைத் திருகினே. வெள்ளையடிச்சு முடிச்சு மறுபடி உள்ளே கல்லு மேல வெச்சேன். அப்புறம் போட்டதெல்லாம் குறைச்சல்தான்டா. ஜனங்க பொய் சொல்லலை. நான்தான் தெரியாம ஏமாத்திக்கிட்டிருந்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா” என்றார்.

“முள்ளுக்குப் போய் யாராவது சொல்லுவாங்களா? நீயே கண்டுபிடிச்சு வருவேன்னு உக்காந்திருந்தேன். வருஷம்தான் போச்சு. வண்டியை எடு. மெதுவா வேண்டாம், சாதாரணமாவே போ. இடிக்கிறது எப்படியும் இடிக்கும்.”

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அவர் வண்டியை எடுத்தார்.

வீட்டு வாசலில் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தியதும் மனைவி ஓடி வந்தாள். “வாங்க அண்ணி, வாங்க!” என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டு, வண்டியைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள். “அட, என்னங்க, இன்னைக்கு வண்டி எவ்வளவு நேரா நிக்குது!”

“ஆமாமா” என்றாள் அக்கா. “உங்க வாசல்ல மட்டும்.”

மறுநாள் வண்டி பட்டறைக்குப் போனது. “கட்டையை எடுத்துடணுமா? சரி” என்றார் பட்டறைக்காரர். கழற்றிய இரண்டு கட்டைகளோடு அதே அளவில் இன்னும் இரண்டு கேட்டதற்கும் சரி என்றார், ஏன் என்று கேட்கவில்லை. அக்காவின் கட்டிலை உயர்த்த நாலு காலுக்கும் நாலு கட்டை. மனைவி கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தராசுக்காரரோ மண்டியிட்டபடி ஏதோ செய்துகொண்டிருந்தார்.

“என்னடா பண்றே அங்க? அவ கை வலிக்குது பாரு!” என்றாள் அக்கா, நாற்காலியிலிருந்து.

“இரு அக்கா. தரையைப் பாத்துக்கிட்டிருக்கேன்.”