அடங்காத ட்யூனர்

பிள்ளைகளே, எங்கள் தோணிரேவு வீட்டில் தூர ஊர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறேன். பெரிய பவரில் பேசும் முன் சின்ன பவர் கொடுத்தால், ட்யூனர் பெட்டி டக்டக்கென்று தட்டி, தானே ஆன்டெனாவுக்குப் பொருந்தி அடங்கிவிடும். ஒருநாள் அது அடங்கவேயில்லை. பெட்டி கெட்டுவிட்டதென்று நினைத்து, பெரிய பவர் சுவிட்சில் கை வைத்தபடி ஜன்னலைப் பார்த்தேன்.

ஆன்டெனா கம்பியில் என் மகள் ஈர வலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். அதனால்தான் ட்யூனர் பொருந்த முடியாமல் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டிருந்தால் அவள் கை கருகியிருக்கும். மெயினை அணைத்துவிட்டு ஓடினேன்.

“இன்னா நைனா, பேயப் பாத்தாப்ல ஓடியாற? கம்பி சும்மா கெடக்குதேன்னு வலையப் போட்டேன்.”

எங்கள் ஊரில் எதை இழுத்துக் கட்டினாலும் வலை காயத்தான். அவளை எப்படித் திட்டுவது?

கம்பியை உயரத்தில் ஏற்றிவிட்டேன். ஆனாலும், ட்யூனர் அடங்கிய பிறகும், வெளியே போய்ப் பார்க்காமல் சுவிட்சைத் தொட இன்றும் கை வருவதில்லை.