பைக்குள் போன கைகள்

என் சித்தப்பாவுக்குத் தொலைக்காட்சி அரங்கில் வேலை. பாட்டுப் போட்டி நடக்கும்போது பார்வையாளர்களுக்கு முன்னால் நிற்பார். ஒரு கையை உயர்த்தினால் எல்லோரும் கைதட்ட வேண்டும், இரண்டு கைகளையும் உயர்த்தினால் சிரிக்க வேண்டும். "வீட்டுல ரெண்டு கையத் தூக்குனாலும் ஒரு ஈ காக்கா சிரிக்காது" என்று சித்தி கிண்டலடிப்பார்.

ஒருநாள் நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுவர், பாட வந்த தையல்காரரிடம் பெயரைக் கேட்டார். முதல் எழுத்திலேயே அவருக்குத் திக்கியது. சித்தப்பாவின் காதில் மாட்டியிருந்த கருவியில் இயக்குநர் கத்தியது முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது: "சிரிக்க வைங்கய்யா, சீக்கிரம்."

சித்தப்பா இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர் நிதானமாகப் பெயரைச் சொல்லி முடித்தார். பிறகு திக்காமல் பாடினார். சித்தப்பாவை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஒளிபரப்பில் அந்த இடத்தில் அரங்கமே சிரிப்பது போல ஒரு சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், "பாவம்டா அந்த ஆளு. இப்படியா சிரிப்பீங்க?" என்று என்னைக் கேட்டான்.

"நாங்க சிரிக்கலண்ணே. எங்க சித்தப்பா கையத் தூக்கவே இல்ல" என்றேன்.