அப்பாவின் கடியும் என் செபமும்

பெற்ற தகப்பனின் இரண்டு கைகளிலும் காலுறை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டிய மகள் நான். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன் நான் செய்ததைச் சொல்லாவிட்டால் அது பொய்ச் சாட்சியாகிவிடும்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு வீட்டில் அவரும் நானும்தான். மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய முழங்கை மடிப்பில் அரிப்பாகத் தொடங்கிய கடி, கழுத்து, முதுகு, கால் என்று பரவியது. ஆஸ்பத்திரியில் எக்ஸிமா என்கிற தோல் வருத்தம் என்றார்கள். முற்றாக மாறாது, கட்டுப்படுத்தலாம் என்றார்கள். நான் கட்டுப்படுத்தத் தொடங்கினேன்.

முதலில் சாப்பாடு. கடியைக் கிளப்புகிற கிரந்திச் சாப்பாடு கூடாது என்று ஆளுக்கொரு பட்டியல் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கினேன். மீன், இறால், கணவாய், முட்டை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, பால்மா எல்லாம் நிறுத்தினேன். மிஞ்சியது சோறும் புடலங்காயும் கீரையும். கனடாவிலிருக்கும் அக்கா மீன் எண்ணெய்க் குளிசை, விற்றமின் டி, சிங்க் என்று போத்தல் போத்தலாக அனுப்பினாள். “ஒழுங்காக் குடுக்கிறியா?” என்று தினமும் போனில் விசாரணை வேறு. அவளுக்கென்ன, தூர இருந்து சொல்லுவது சுகம். வேலை விட்டு வந்தால் அப்பா சொறிகிற கரக் கரக் சத்தத்தோடு இரண்டு அறைக்குள் அடைந்து கிடப்பவள் நான்.

செபத்தையும் விடவில்லை. செவ்வாய்தோறும் நவநாளுக்குப் போவேன். மெழுகுதிரி விற்கிற கடையில் ஒரு போத்தல் எண்ணெய் வாங்கி, பூசை முடிய ஃபாதரிடம் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வருவேன். அதைக் காலையும் மாலையும் அப்பாவின் உடம்பு முழுக்கப் பூசி, பத்து அருள்நிறை மரியே சொல்லுவேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி இருப்பார். பக்தி என்று நினைத்தேன்.

கடி குறையவில்லை, கூடியது. அப்பா மெலிந்து பாதியானார். ஒருநாள் அவருடைய தலையணைக்குக் கீழே கடித்து மிச்சம் வைத்த மாலு பனிஸ், மீன் அடைத்த பன், ஒன்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களாலதான் அப்பா மாறுதில்ல! நான் செத்துச் செத்துச் சமைக்கிறன், நீங்க களவாத் தின்னுறீங்க!”

அன்றுதான், இனிச் சொறியக் கூடாதென்று, அவர் கைகளில் காலுறையைக் கட்டினேன். அப்பா எதிர்க்கவில்லை. காலுறை போட்ட கைகளால் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக் குடிக்கப் பார்த்தார். தண்ணீர் நெஞ்சில் சிந்தியது. நான் குசினிக்குள் போய் அழுதேன்.

அடுத்த வாரம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் படிவம் வாங்கினேன். தொற்றாத வருத்தம் என்று தோல் டொக்டரின் கடிதம் வேண்டும் என்றார்கள். அந்தக் கடிதத்துக்காகத்தான் அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை. வரிசையில், வாங்குப் பலகையில் இருந்தபடி மனதுக்குள் செபித்தேன்: ‘ஆண்டவரே, இனி என்னால் ஏலாது. ஒரு வழி காட்டும். இல்லாவிட்டால் இவரை எடுத்துக்கொள்ளும்.’ ஆம், அப்படியேதான் கேட்டேன்.

உள்ளே இருந்தவர் ஒரு சிங்கள டொக்டர், இளம் பெண். சாப்பாட்டுப் பட்டியலையும் குளிசைப் போத்தல்களையும் பெருமையோடு மேசையில் அடுக்கினேன். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். என்ன வாசம் இது என்று சிங்களத்தில் கேட்டார். பையில் இருந்த எண்ணெய்ப் போத்தலைக் கொடுத்தேன். லேபிளில் இருந்த சின்ன எழுத்தை அவர் வாசித்துக் காட்டினார். வாசனை சேர்த்த எண்ணெய், விளக்கு ஏற்ற மட்டும்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆசீர்வதித்த எண்ணெய் எப்படிக் கடிக்கும்? அப்போது அப்பா மெதுவாக வாய் திறந்தார்.

“அது பூசினா எரியும் டொக்டர். பிறகுதான் கடி கூடும்.”

“ஏன் அப்பா எனக்குச் சொல்லயில்ல?”

“நீ அழுதழுது செபிச்சுப் பூசுற, மகள். எரியுது எண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்குத்தான் விசுவாசம் காணாது எண்டு நினைச்சன்.”

அந்த இடத்திலேயே உடைந்து போனேன். டொக்டர் தண்ணீர் தந்தார்.

எண்ணெய் நின்றது. வாசனையில்லாத களிம்பு வந்தது. இரத்தம் சோதித்து, விற்றமின் டி மட்டும் போதும், மற்றக் குளிசைகளை நிறுத்துங்கள் என்றார்கள். சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தோம். முட்டை, தக்காளி, கத்தரிக்காய், மீன் ஒன்றும் செய்யவில்லை. இறால் மட்டும் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளாது. வெயில் காலத்தில் கடி திரும்பி வரும், பிறகு அடங்கும். அப்பாவுக்கு உடம்பு தேறிவிட்டது. முதியோர் இல்லப் படிவத்தை நான் நிரப்பவேயில்லை. அதை வாங்கி வைத்திருந்ததை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “எனக்குத் தெரியும், பையில கண்டனான்” என்றார்.

எண்ணெயைப் பற்றிப் பங்கு ஃபாதரிடம் சொன்னேன். “பிழை ஆசீர்வாதத்தில இல்ல பிள்ளை. நெத்தியில ஒரு சிலுவை அடையாளம் போதும்” என்றார். இப்போது விரலால் அது மட்டும் போடுகிறேன். அப்பா கண்ணைத் திறந்துகொண்டே இருக்கிறார்.

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு மூச்சு முட்டுகிற சகோதரர்களே, சகோதரிகளே, செபியுங்கள். ஆண்டவர் கேட்கிறார், என் கோபச் செபத்தையே கேட்டவர் அவர். ஆனால் மூன்று வருடமாக அப்பாவின் வருத்தத்தைப் பற்றி ஆண்டவரிடம் கேட்டேன், அக்காவிடம் கேட்டேன், அயலவர்களிடம் கேட்டேன். அப்பாவிடம் ஒருதரமும் கேட்கவில்லை. நீங்கள் யாருக்காகச் செபிக்கிறீர்களோ, இன்றைக்கு அவர் பக்கத்தில் போய் இருந்து, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.